எது முதலில், எது பிறகு? – வீட்டில் விமானம் கட்டுவோரின் கணக்கு



உங்கள் வீட்டில் கூரை மின்விசிறி மாட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? சென்ற கோடையில் நானே மாட்டினேன். தண்டைப் பொருத்தி, கம்பிகளை இணைத்து, கொக்கியில் தொங்கவிட்டு, பெருமையோடு ஏணியிலிருந்து இறங்கினேன். தண்டின் மேலும் கீழும் இருக்க வேண்டிய இரண்டு பிளாஸ்டிக் கப்புகளும் தரையில் கிடந்தன! விசிறியைத் தண்டில் பூட்டுவதற்கு முன்பே அவற்றைத் தண்டில் கோத்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு எவ்வளவு முயன்றாலும் அவை உள்ளே போகா. கம்பிகளைக் கழற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இயற்பியல் ஆசிரியரின் இரண்டு மணி நேரம் வீண்!

இதில் எந்தப் பாகமும் பழுதில்லை, எந்த வேலையும் கடினமில்லை. தவறு வரிசையில் மட்டுமே. மின்விசிறியில் இத்தவறு நம்மைச் சிரிக்க வைக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகள் கொண்ட ஒரு விமானத்தில் நேர்ந்தால்? அந்த விமானத்தில் ஏறிப் பறக்கப் போகிறவரும் அதைக் கட்டியவரே என்றால்? இக்கட்டுரையில் அதைத்தான் காணப்போகிறோம்.

வீட்டில் விமானமா?

வியப்பாக இருக்கிறதா? அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையில் விமானம் கட்டுவது நெடுநாளைய பொழுதுபோக்கு. 1953இல் பால் பொபெரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் இத்தகையோருக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் ஆண்டுதோறும் அச்சங்கத்தினர் ஆஷ்கோஷ் என்ற ஊரில் கூடுகின்றனர். 1973இல் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்ற பொறியாளர் தொடங்கிய 'வான்ஸ் ஏர்கிராஃப்ட்' நிறுவனம், விமானப் பாகங்களைப் பெட்டிகளில் அடைத்து விற்கிறது. இதற்குக் 'கிட்' என்று பெயர். இந்நிறுவனத்தின் 'ஆர்.வி.' வகை விமானங்கள் மட்டுமே 11,000க்கு மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்துள்ளன.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்கள், வேலையில் பாதிக்கு மேல் தாமே செய்திருக்க வேண்டும். இவ்வகை விமானம் ஒன்றைக் கட்ட ஏறக்குறைய 1,500 முதல் 2,000 மணி நேரம் ஆகலாம். வாரம் 10 மணி நேரம் உழைத்தால் 150 முதல் 200 வாரங்கள், அதாவது மூன்று நான்கு ஆண்டுகள்! இவ்வளவு நீண்ட வேலையில் 'இன்று எதைச் செய்வது?' என்ற கேள்வி தினமும் எழும். அதற்கு விடை சொல்வதே வரிசைத் திட்டம்.

வால் முதலில், எஞ்சின் கடைசியில்

விமானத்தை எங்கிருந்து தொடங்குவீர்கள்? 'மூக்கிலிருந்து' என்பீர்கள். ஆனால் இவ்வகைக் கிட்டுகளில் முதலில் வருவது வால் பெட்டி. அடுத்து இறக்கைகள், பிறகு உடற்பகுதி, அதன்பின் கண்ணாடி விதானம் முதலியவை. எஞ்சினும் கருவிகளும் கடைசியில்.

காரணம் எளிது. வால் சிறியது, விலை குறைந்தது. ஆனால் இறக்கைக்கு வேண்டிய எல்லா வேலைகளும் அதில் சிறிய அளவில் உண்டு: துளையிடல், வளைத்தல், ஆணி அடித்தல். புதியவரின் கை பழகும்வரை தவறுகள் நேரத்தான் செய்யும். அத்தவறுகள் விலை குறைந்த தகட்டில் நேர்வதே நல்லது. பரீட்சைக்கு முன் மாதிரித் தேர்வு எழுதுவது போல!

எஞ்சின் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. ஓடாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஞ்சினின் உருளைகளில் ஈரம் புகுந்து துரு ஏறும். மின்னணுக் கருவிகளோ மூன்றாண்டில் பழையனவாகிவிடும். அவற்றின் உத்தரவாதக் காலமும் பெட்டியிலேயே கழிந்துவிடும்.

ஓர் ஆணிக்கு இரண்டு பக்கம்

இவ்விமானங்களின் உடல் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. தகடுகளை இணைப்பவை தறையாணிகள், அதாவது ரிவெட்டுகள். ஒரு பக்கம் தலையுள்ள இந்த ஆணியைத் துளையில் நுழைத்து, தலைப்பக்கம் காற்றுச் சுத்தியலால் தட்டுவார்கள். மறுபக்கம் ஒரு கனமான இரும்புக் கட்டையை ஆணியின் வாலோடு சேர்த்துப் பிடிப்பார்கள். கட்டையின் நிலைமம் அதனை எளிதில் நகரவிடாது. எனவே ஆணியின் வால் நசுங்கி இரண்டாவது தலையாகிறது.

இங்கே ஓர் அழகிய கணக்கு இருக்கிறது. ஆணியின் விட்டத்தை 'வி' என்று கொள்வோம். தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலின் நீளம் 1.5 வி இருக்க வேண்டும். நசுங்கிய தலையின் அகலம் 1.5 வி, உயரம் 0.5 வி இருக்க வேண்டும். உருளையின் கனஅளவு, விட்டத்தின் வர்க்கத்தையும் உயரத்தையும் பெருக்குவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும் அல்லவா? முன்பு இருந்தது 1 × 1 × 1.5 = 1.5. பின்பு இருப்பது 1.5 × 1.5 × 0.5 = 1.125. மீதி 0.375 எங்கே போயிற்று? உலோகம் மறையாது. துளைக்குள் இருக்கும் ஆணித்தண்டு பருத்துத் துளையை இறுக நிரப்பிவிட்டது! ரிவெட் இணைப்பின் பலம் இதில்தான் இருக்கிறது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும். இறக்கையோ மேலும் கீழும் தகடுகளால் மூடப்பட்ட ஒரு பெட்டி. பெட்டியை மூடிய பிறகு உட்பக்கம் என்பதே கிடையாது! தலையணை தைப்பவர் மூன்று பக்கம் தைத்து, பஞ்சை அடைத்து, நான்காவது பக்கத்தைக் கடைசியில் மூடுகிறார் அல்லவா? இறக்கையும் அப்படித்தான். முதலில் மேல்தகடு. அதன்பின் உள்ளே செல்ல வேண்டிய மின்கம்பிக் குழாய், காற்றழுத்தக் குழாய் முதலியன. கடைசியாகக் கீழ்த்தகட்டை ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, மறு ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, இடுக்கில் கையை விட்டு, வரிசை வரிசையாக ரிவெட் அடித்துக்கொண்டே போவார்கள். சுத்தியலுக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர் தேவை. ஆகவே நண்பர் வரும் ஞாயிற்றுக்கிழமையும் திட்டத்தில் இடம் பெறுகிறது!

பொருத்து, பிரி, மீண்டும் பொருத்து

இரண்டு தகடுகளை ரிவெட் செய்வதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. துளைகள் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அமைய வேண்டுமானால், தகடுகளைச் சேர்த்து வைத்துத்தான் துளையிட வேண்டும். ஆனால் துளையிட்டால் இடையில் பிசிறுகள் எழும். பிசிறு நீக்கத் தகடுகளைப் பிரிக்க வேண்டும். ரிவெட் அடிக்கவோ சேர்க்க வேண்டும். சேர்க்காமல் துளையிட முடியாது, துளையிடாமல் சேர்க்க முடியாது!

பிசிறு இருந்தால் என்ன என்று கேட்கலாம். தகட்டை இழுக்கும்போது, ஒரு வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மற்ற இடங்களைப் போல மூன்று மடங்கு ஆகிறது. அந்த விளிம்பு கரடுமுரடாக இருந்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும். மீண்டும் மீண்டும் விசை ஏறி இறங்க, விரிசல் வளரும். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு 'காமெட்' ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கு உலோகக் களைப்பே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது.

சிக்கலை விடுவிப்பவர் நம்மூர்த் தையற்காரர்! அவர் சட்டையை ஒரேயடியாகத் தைப்பதில்லை. பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பார்த்து, பிரித்து, பிறகு மெய்யான தையல் போடுகிறார். விமானம் கட்டுவோரிடமும் 'கிளிகோ' என்ற சிறிய சுருள்வில் ஊசிகள் உண்டு. இடுக்கியால் அழுத்தித் துளையில் நுழைத்தால் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். மீண்டும் அழுத்தினால் விட்டுவிடும். இவற்றின் உதவியால் வரிசை இப்படி அமைகிறது:

1. தற்காலிகமாகப் பொருத்து
2. துளையிடு
3. பிரி
4. பிசிறு நீக்கு
5. ஆணித்தலை தகட்டோடு சமமாக அமையத் துளையைச் சுற்றிக் குழி அமுக்கு
6. அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூசு
7. மீண்டும் பொருத்து
8. ரிவெட் அடி

எட்டு வேலைகளை 8!, அதாவது 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் சரியானது இது ஒன்றே! 4-ஐயும் 5-ஐயும் மாற்றிப் பாருங்கள். பிசிறுள்ள விளிம்பைக் குழியாக அமுக்கினால் அது விரிந்து கீறிவிடும். 6-ஐயும் 8-ஐயும் மாற்றினால், இரண்டு தகடுகளுக்கு இடையே பூச்சு ஒருபோதும் போகாது. இன்று சில கிட்டுகளில் துளைகளைக் கணினி இயந்திரங்கள் இறுதி அளவிலேயே இட்டு அனுப்புகின்றன. அவற்றில் சில படிகள் குறையும். மீதிப் படிகளின் வரிசை மாறாது.

மூடும் முன் ஒரு சோதனை

செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை அகற்றிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதில் முறுங்குகிறது. இப்போது மூடியைப் போட்டுச் சுற்றிலும் பசைக் காகிதத்தால் ஒட்டி மீண்டும் முறுக்குங்கள். பெட்டி அசைய மறுக்கிறது! மூடிய பெட்டி முறுக்கத்தை எதிர்க்கும் வலிமை பெறுகிறது.

இனி மூன்றாவது சோதனை. மூடியை ஒட்டும்போதே பெட்டியைச் சற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டுங்கள். கையை விட்டாலும் முறுக்கம் போகவில்லை அல்லவா? இறக்கைக்கும் இதே கதிதான். கீழ்த்தகட்டை மூடும் வேளையில் சட்டம் முறுங்கியிருந்தால் அம்முறுக்கம் என்றென்றும் நிலைத்துவிடும். ஓர் இறக்கை மற்றதைவிடச் சற்று அதிகக் கோணத்தில் காற்றைச் சந்திக்கும். விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ஆகவே மூடுமுன் சட்டத்தின் இரு முனைகளிலும் நம் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முறுக்கம் இல்லை என்று உறுதி செய்கிறார்கள்.

மூடுமுன் இன்னொருவர் கண்ணும் பட வேண்டும். பிரிட்டனில் இவ்வாறு கட்டுவோர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சோதனையாளரை அழைத்துக் காட்டிக் கையொப்பம் பெறுகிறார்கள். உள்ளே மறந்து விட்ட ஒரு திருகாணியை, மூடிய பிறகு எந்தக் கண்ணாலும் காண முடியாது.

பலூன் சொல்லும் சாட்சி

பெரும்பாலான ஆர்.வி. விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பே எரிபொருள் தொட்டி. அதன் பொருத்துகளில் பசை பூசி மூடுவார்கள். அதை இறக்கையில் பூட்டுமுன் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கருவி என்ன தெரியுமா? ஒரு சாதாரண பலூன்! தொட்டியின் திறப்புகளை அடைத்து, ஒன்றில் ஊதிய பலூனை மாட்டிவிட்டுக் காத்திருப்பார்கள்.

சைக்கிள் பம்பால் காற்று அடிக்கக் கூடாதா? கூடாது. பலூனில் இருக்கும் மிகையழுத்தம் நீர்த்தம்பக் கணக்கில் ஏறக்குறைய 30 செ.மீ. மட்டுமே; அதாவது ஒரு சதுர செ.மீட்டருக்கு 30 கிராம் எடை. 1,000 சதுர செ.மீ. பரப்புள்ள தொட்டிச் சுவரில் இதுவே 30 கிலோ எடையாகிறது. பம்பு ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் அதே சுவரில் 1,000 கிலோவுக்கு மேல் விழும்! தொட்டி உப்பிக் கெட்டுவிடும். பலூன் அளவுகோலாகவும் காவலாளியாகவும் வேலை செய்கிறது.

மாலையில் கட்டிய பலூன் காலையில் சுருங்கிக் கிடந்தால்? அழ வேண்டாம், கணக்குப் போடுங்கள். தொட்டி 80 லிட்டர், வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கியது என்போம். தனிவெப்பநிலை 303லிருந்து 293 ஆகிறது. காற்றின் கனஅளவு 80 × 10 / 303, அதாவது சுமார் 2.6 லிட்டர் குறையும். சிறிய பலூன் ஒன்றின் கொள்ளளவே அவ்வளவுதான்! கசிவே இல்லாமல் பலூன் சுருங்கும். ஆகவே அதே வெப்பநிலையில் ஒப்பிட்டுப் பார்த்தபின்பே முடிவு கட்ட வேண்டும்.

பசை இறுக நாட்கள் ஆகும். அந்நாட்களில் கைகட்டி உட்கார்ந்திருப்பதா? உங்கள் அம்மாவைக் கவனியுங்கள். உலையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிக்கும் நேரத்தில் காய் நறுக்குகிறார். தொட்டி ஒட்ட 1 நாள், இறுக 7 நாள், சோதனைக்கு 1 நாள் என்றும், ஏலரான் எனப்படும் இறக்கை மடிப்புகளைச் செய்ய 7 நாள் என்றும் கொள்வோம். ஏலரானை முடித்துவிட்டுத் தொட்டியைத் தொட்டால் 16 நாட்கள். தொட்டியை முதலில் ஒட்டி, இறுகும் காலத்தில் ஏலரானைச் செய்தால் 9 நாட்கள் போதும். உழைப்பு இரண்டிலும் ஒன்றே!

வரிசையில் பருவத்துக்கும் பங்குண்டு. ஓட்டுநர் தலைக்குமேல் வரும் அக்ரிலிக் விதானம் குளிரில் எளிதில் நொறுங்கும். எனவே அதை அறுப்பதும் துளையிடுவதும் வெதுவெதுப்பான இடத்தில்தான். மேலும் அக்ரிலிக் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரிவடையும். 1.5 மீட்டர் நீளத்தில் 20 டிகிரி மாற்றத்துக்கு அலுமினியம் 0.7 மி.மீ., அக்ரிலிக் 2.1 மி.மீ. நீளும். இந்த வேறுபாட்டுக்கு இடம்விட்டுத் துளைகளைச் சற்றுப் பெரிதாக இடாவிட்டால் விதானம் விரிசல் விடும். குளிர்நாடுகளில் பலர் இவ்வேலையைக் கோடைக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள்.

வண்ணம் முன்பா, எடை முன்பா?

உயிரோடு தொடர்புள்ள ஒரு வரிசையைப் பார்ப்போம். ஏலரான், வாலிலுள்ள எலிவேட்டர் முதலியவை கதவு போலக் கீலில் ஆடுபவை. கீலுக்குப் பின்னே எடை அதிகமாக இருந்தால், வேகம் கூடும்போது காற்றோட்டத்திலிருந்து ஆற்றலைப் பெற்று அவை படபடவென்று அதிரத் தொடங்கலாம். இதற்கு 'ஃபிளட்டர்' என்று பெயர். சில விநாடிகளில் வாலையே பிய்த்துவிடும் ஆபத்து அது. இதைத் தடுக்கக் கீலுக்கு முன்னால் ஈயத் துண்டு வைத்துச் சமன் செய்கிறார்கள்.

சமன் செய்து முடித்த எலிவேட்டருக்கு ஒருவர் பிறகு வண்ணம் பூசுகிறார் என்போம். வண்ணத்தின் எடை 200 கிராம், அது கீலுக்குச் சராசரியாக 15 செ.மீ. பின்னால் விழுகிறது. திருப்புத்திறன் 200 × 15 = 3,000. முன்னால் 20 செ.மீ. தூரத்தில் உள்ள ஈயத்தில் 150 கிராம் கூட்டினால்தான் மீண்டும் சமன் ஆகும். அழகுக்காகப் பூசிய வண்ணம் பாதுகாப்பைத் திருடிவிட்டது! ஆகவே முதலில் வண்ணம், பிறகு சமநிலைச் சோதனை. முழு விமானத்தையும் மூன்று சக்கரங்களின் கீழ் தராசு வைத்து எடைபோட்டுப் புவியீர்ப்பு மையம் காண்பதும், வண்ணமும் இருக்கைகளும் முடிந்த பிறகே.

அம்புப் படம்

நூற்றுக்கணக்கான இத்தகைய விதிகளை மனத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? ஒரு தாளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம் போடுங்கள். எது முடிந்தால்தான் எது தொடங்க முடியுமோ, அதிலிருந்து இதற்கு ஓர் அம்பு. அம்புகள் எங்கேனும் வட்டமிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் எச்சரிக்கை! அவ்வேலையை எந்த வரிசையிலும் செய்ய முடியாது. 'கிளிகோ' போன்ற தற்காலிக இணைப்பு ஒன்றைப் புகுத்தி அவ்வட்டத்தை உடைக்க வேண்டும்.

இத்தகைய படங்களைக் கொண்டு நீண்ட பாதையைக் காணும் முறையை 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் தொழிற்சாலை வேலைக்கும், 1958இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கும் உருவாக்கின. ஏவுகணைக்கு உதவிய அதே தாள், கொட்டகையில் விமானம் கட்டுபவருக்கும் உதவுகிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஆறு வேலைகள்: மேல்தகடு, உட்குழாய், சோதனையாளர் பார்வை, கீழ்த்தகடு, ஏலரானுக்கு வண்ணம், ஏலரான் சமநிலை. மேல்தகடும் உட்குழாயும் பார்வைக்கு முன். பார்வை கீழ்த்தகட்டுக்கு முன். வண்ணம் சமநிலைக்கு முன். மொத்தம் 720 வரிசைகளில் எத்தனை சரியானவை? முதல் நான்கு வேலைகளுக்கு 2 வரிசைகள்தாம். ஆறு இடங்களில் ஏலரானுக்கு இரண்டு இடம் ஒதுக்க 15 வழிகள். ஆக 2 × 15 = 30. மீதி 690 வரிசைகளும் எங்கோ ஓரிடத்தில் நம்மைக் கழற்ற வைக்கும், அல்லது ஆபத்தில் ஆழ்த்தும்.

கடைசியில் ஒரு கதவு

எல்லாம் முடிந்தது, விமானம் வெளியே வருமா? இறக்கைகளை உடலோடு பூட்டிவிட்டால் எந்தக் கொட்டகைக் கதவும் போதாது. எனவே இறக்கைகளைத் தனியே கொண்டுபோய் விமான நிலையத்தில் பூட்டுவதே வழக்கம். நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மும்பையில் விமான ஓட்டுநர் அமோல் யாதவ், தாமே வடிவமைத்த ஒரு விமானத்தைத் தம் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் கட்டினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைப்பதற்காக, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் கீழே இறக்கினார். கட்டும் வரிசையோடு கழற்றும் வரிசையும் தெரிந்திருந்ததால் அது முடிந்தது.

நண்பர்களே, அடுத்த முறை மேசையோ சைக்கிளோ பிரித்துப் பூட்டும்போது, திருப்புளியைத் தொடுமுன் பென்சிலைத் தொடுங்கள். 'இதை மூடிவிட்டால் உள்ளே கை எட்டுமா?' என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். என் வீட்டு மின்விசிறி இப்போது நன்றாகச் சுற்றுகிறது. கப்புகளும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. ஆனால் அதைப் பார்க்கும் போதெல்லாம் அந்த இரண்டு மணி நேரம் நினைவுக்கு வருகிறது. மூன்று ஆண்டு உழைத்து விமானம் கட்டுபவர் இப்படி ஒரு கப்பைத் தரையில் மறந்துவிட முடியாது. அடுத்து அதில் ஏறி அமர்ந்து பறக்கப் போகிறவர் அவரே அல்லவா?